மகள் கல்யாணத்துக்கு முன்னால் முன்பல்லுக்கு பாண்டிங் செய்துகொண்ட அனுபவம்

நிச்சயதார்த்தம் ஆவணியில் நடந்தது. போட்டோகிராபர் பென் டிரைவில் 400க்கு மேல் படம் போட்டுக் கொடுத்தார். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்த என் மகள் பாதியில் நிறுத்திவிட்டு, "அம்மா, ஒரு படத்துலகூட நீ வாயைத் திறந்து சிரிக்கலையே" என்றாள். அவள் சொன்ன பிறகுதான் நானும் கவனித்துப் பார்த்தேன். சில படங்களில் உதட்டை இறுக்கி வைத்திருக்கிறேன். சிலவற்றில் முந்தானை வாய்மேல் இருக்கிறது. சம்பந்தியம்மா ஏதோ சொல்ல எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிற ஒரு படத்தில், என் இடது கை வாயைப் பொத்தியிருக்கிறது. அந்தக் கையை எப்போது தூக்கினேன் என்று எனக்கு நினைவே இல்லை. அந்தப் படத்தை மூடிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். மனசு கஷ்டமாக இருந்தது.

நான் மதுரையில் ஜாக்கெட் தைக்கிறேன், 27 வருஷமாக. கத்தரி பக்கத்திலேயேதான் இருக்கும். ஆனால் கை அதைத் தேடுவதற்குள் வாய் நூலை அறுத்துவிடும். குண்டூசியைப் பல்லில் கவ்விக்கொண்டு வேலை செய்வதும் உண்டு. மேல்வரிசையில் இடது முன்பல்லின் நுனியில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்து, வருஷா வருஷம் அது ஆழமாகிக்கொண்டே வந்தது. பக்கத்து முன்பல்லின் மூலையில் சில்லு போயிருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. அது மட்டும் சின்ன வயதிலிருந்தே இருப்பது. என் அப்பா புதுமண்டபத்தில் மெஷின் போட்டுத் தைத்தவர். அவருக்கும் இதே பல்லில் இதே பள்ளம் இருந்தது. சின்ன வயதில் அது அப்பாவின் அடையாளம் என்று நினைத்திருந்தேன். தொழில் போட்ட வடு என்று எனக்கும் வந்த பிறகுதான் புரிந்தது.

இந்த வயதில் பல்லுக்கு என்ன அழகு என்று என் நாத்தனார் கேட்டார். எனக்கு 52. மகளோ, "கல்யாணப் படத்துல நீ சிரிக்கணும், அது எனக்கு வேணும்" என்று ஒரே பிடியாக நின்றாள். சரி என்று கிளம்பினேன். கடைசியில் நான் செய்துகொண்டது பாண்டிங். பல் நிறத்தில் இருக்கிற ஒரு மாவைப் பல்லில் ஒட்டி, தேய்ந்த இடத்தையும் உடைந்த இடத்தையும் நிரப்புவதுதான் அது.

முதலில் போனது பெரிய கிளினிக். ஏ.சி., சோபா, வாயைப் படம் பிடித்து டி.வி.யில் காட்டுகிற கருவி எல்லாம் இருந்தது. 10 நிமிஷத்தில் பார்த்துவிட்டு, மேல்வரிசையில் 6 பல்லைச் சீவி செராமிக் வெனீர் (பல்லின் முன்பக்கம் ஒட்டுகிற மெல்லிய ஓடு) போட்டால் சினிமா நடிகை மாதிரி ஆகிவிடும், ஒரு பல்லுக்கு 12,000 ரூபாய், மொத்தம் 72,000 என்றார்கள். அன்றைக்கே அட்வான்ஸ் கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடியாம். பழுதானது 2 பல். மற்ற 4 பல்லை எதற்குச் சீவ வேண்டும் என்று கேட்டேன். "எல்லாம் ஒரே மாதிரி இருந்தாதான் அழகு" என்றார் அங்கிருந்த பெண். சீவிய எனாமல், அதாவது பல்லின் கெட்டியான மேல் உறை, மறுபடி வளராது. நல்ல துணியை வெட்டிவிட்டு ஒட்டுப்போட எனக்கு மனசு வராது. வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வெனீர் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நிறம் முழுதும் கெட்டுப்போன பல்லுக்கும் நிறையத் தேய்ந்த பல்லுக்கும் அது நல்ல வழிதான். என் பல்லுக்கு அது தேவைப்படவில்லை.

இரண்டாவது இடத்தைச் சொன்னது என்னிடம் 15 வருஷமாகத் தைக்கக் கொடுக்கும் ஒரு டீச்சர். அவருடைய பையன் கிரிக்கெட் பந்து பட்டுப் பாதிப் பல் உடைந்து, அங்கே போய்ச் சரிசெய்துகொண்டானாம். எந்தப் பல் என்று அவர் காட்டும்வரை எனக்குத் தெரியவில்லை. அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? மருந்துக்கடை மாடியில் இரண்டே நாற்காலி உள்ள சின்ன கிளினிக் அது. ஒரு பெண் டாக்டர், 35 வயதுக்குள்தான் இருப்பார். உதவிக்கு ஒரு நர்ஸ். இதை எழுதட்டுமா என்று டாக்டரிடம் கேட்டேன். எழுதுங்கள், பெயர் மட்டும் வேண்டாம், இப்போது வருகிறவர்களையே சரியான நேரத்துக்குப் பார்க்க முடியவில்லை என்றார். அதனால் பெயர் போடவில்லை.

கார்த்திகை பிறந்த வாரத்தில் முதல் தடவை போனேன். வாயைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "தையல் வேலையாம்மா?" எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. நூலைக் கடிக்கிறவர்கள், ஆணியைப் பல்லில் கவ்வுகிற தச்சர்கள், செருப்புத் தைக்கிறவர்கள் எல்லோருக்கும் இப்படித்தான் ஒரே இடத்தில் பள்ளம் விழும் என்றார். என் தொழிலைப் பல்லிலேயே படித்தவர் கையில் பல்லைக் கொடுக்கலாம் என்று அப்போதே தோன்றிவிட்டது.

அன்றைக்கு அவர் பாண்டிங்கைத் தொடவே இல்லை. கலர் பேப்பரைக் கடிக்கச் சொல்லி, கீழ்ப்பல் எங்கே வந்து இடிக்கிறது என்று பார்த்தார். தாடையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்தச் சொன்னார். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம் உண்டா என்று கேட்டார். அந்தப் பழக்கம் இருந்தால் பாண்டிங் சீக்கிரம் சில்லு சில்லாகப் போய்விடுமாம். எனக்குத் தெரியாது என்றேன். வீட்டுக்காரருக்குப் போன் போடச் சொல்லி அவரிடமும் கேட்டார்! இல்லை என்று தெரிந்த பிறகுதான் மேலே பேசினார். சின்னதாக 2 எக்ஸ்ரே எடுத்து வேர் நன்றாக இருக்கிறது என்று காட்டினார். பிறகு பல் சுத்தம். ஈறு வீங்கி ரத்தம் கசிந்தால் பாண்டிங் சரியாக ஒட்டாது, அதனால் ஈறு ஆறட்டும், 10 நாள் கழித்து வாருங்கள் என்றார். அவசரப்படுத்தாத ஒரு டாக்டரைப் பார்ப்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

பல்லை வெள்ளையாக்கிவிட்டுச் செய்யலாமா என்றும் கேட்டேன். கல்யாணப் பெண்கள் இந்த இடத்தில் கவனிக்க வேண்டும். வெள்ளையாக்குவதென்றால் அதை முதலில் செய்ய வேண்டும். அதற்கப்புறம் 2 வாரமாவது விட்டுத்தான் பாண்டிங். வெள்ளையாக்கும் மருந்து பல்லுக்குள் கொஞ்ச நாள் தங்கும். அது இருக்கும்போது ஒட்டினால் பிடிமானம் குறையும். பல்லின் நிறமும் அதற்குள் ஒரு நிலைக்கு வந்துவிடும். மாற்றிச் செய்தால், அதாவது பாண்டிங்கை முதலில் முடித்துவிட்டுப் பிறகு வெள்ளையாக்கினால், சொந்தப் பல் வெளுக்கும், ஒட்டிய இடம் பழைய நிறத்திலேயே நிற்கும். எனக்கு ஏற்கனவே குளிர்ந்த தண்ணீர் குடித்தால் பல் கூசும். அதனால் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

10 நாள் கழித்துக் காலை 11 மணிக்கு வரச் சொன்னார். ஏன் காலை என்றால் வெளிச்சத்துக்காக. எனக்கு மனசு நிறைந்தது இங்கேதான். ஜாக்கெட் துணிக்கு நூல் எடுக்கும்போது டியூப்லைட்டுக்குக் கீழே பார்த்து எடுத்தால் ஏமாந்துபோவோம். நூல்கண்டைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து, பகல் வெளிச்சத்தில் துணிமேல் ஒரு இழையைப் போட்டுப் பார்த்துத்தான் எடுப்போம். அப்பா கற்றுக்கொடுத்தது அது. டாக்டரும் என்னை ஜன்னல் பக்கம் நிற்கவைத்து, லிப்ஸ்டிக் இருந்தால் துடைக்கச் சொல்லி (நான் போடுவதில்லை), வரிசையாகச் செருகியிருந்த 16 மாதிரிப் பல்லில் ஒவ்வொன்றாக என் பல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பல் ஈரமாக இருக்கும்போதே நிறம் பார்த்துவிட வேண்டுமாம். வாய் திறந்தபடி கொஞ்ச நேரம் காய்ந்தால் பல் வெளுத்துத் தெரியும், அதை நம்பி நிறம் எடுத்தால் மறுநாள் ஒட்டுப்போட்ட மாதிரி தனியாகத் தெரியும் என்றார்.

அந்த வரிசையில் என்னுடைய நிறத்துக்குப் பெயர் ஏ3 என்றார். நான் அதைவிட வெளுப்பான ஏ1 கேட்டேன். எல்லோரும் கேட்பதைத்தான் நானும் கேட்டேன். அவர் மறுத்துப் பேசவில்லை. ஏ1 நிறத்தில் கொஞ்சம் காம்போசிட் (பாண்டிங்குக்கு ஒட்டுகிற மாவு) எடுத்து, பசை எதுவும் தடவாமல் பல்மேல் சும்மா அப்பி, விளக்கால் இறுக்கிக் கண்ணாடியைக் கொடுத்தார். வெள்ளைச் சுவரில் சுண்ணாம்பு கூடப் பட்ட இடம் மாதிரி அந்தத் துண்டு மட்டும் பளிச்சென்று நின்றது. ஒரு தட்டு தட்டியதும் அது கழன்று வந்துவிட்டது. அப்புறம் ஏ3 வைத்தார். எங்கே வைத்தார் என்று தேட வேண்டியிருந்தது. நான் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. நீங்கள் போகிற இடத்தில் இப்படி ஒரு தடவை வைத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். 5 நிமிஷ வேலைதான்.

வேலை மொத்தம் 1 மணி 40 நிமிஷம் நடந்தது. ஊசி போடவில்லை, வலி கொஞ்சமும் இல்லை. பக்கத்துப் பல்லில் மருந்து படாமல் இருக்கக் குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டெஃப்லான் டேப் போன்ற ஒன்றைச் சுற்றினார். என் பல்லைச் சீவவில்லை. நுனியை மட்டும் லேசாகச் சொரசொரப்பாக்கினார். பிறகு நீல நிறத்தில் ஒரு ஜெல். பாஸ்பாரிக் அமிலம், 37 சதவீதம் என்றார். அமிலம் என்றதும் நான் பயந்தது முகத்தில் தெரிந்திருக்கும். இரும்புக் கதவுக்குப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் அமிலம் தடவிக் கழுவினால் பெயிண்ட் நன்றாகப் பிடிக்கும் அல்லவா, அதைப் பார்த்துத்தான் 1955இல் அமெரிக்காவில் புவோனகோர் என்ற பல் டாக்டர் இதைப் பல்லுக்குச் செய்து பார்த்தார் என்று வேலைக்கு நடுவே சொன்னார். எனாமலில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்துளை விழும், அதற்குள் பசை இறங்கி இறுகிக்கொள்ளும், அவ்வளவுதான். அரை நிமிஷத்துக்குள் கழுவிவிட்டார். காய்ந்த பல் சாக்பீஸ் மாதிரி வெளிறியிருந்தது.

பசை தடவி நீல விளக்கு. அப்புறம் காம்போசிட். பிசினும் பொடித்த கண்ணாடித் துகளும் சேர்ந்த மாவு அது. ஒரே உருண்டையாக வைக்கவில்லை. 2 மில்லிமீட்டருக்கு மேல் கனம் இருந்தால் வெளிச்சம் அடிவரை போகாது, உள்ளே இறுகாது என்று அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் 20 விநாடி விளக்குப் பிடித்தார். உள் அடுக்கு வேறு காம்போசிட், கொஞ்சம் மங்கலானது. மேல் அடுக்கு வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரி. மெல்லிய பட்டுத் துணிக்கு அடியில் என்ன நிறத்தில் லைனிங் போடுகிறோமோ அதை வைத்துத்தானே மேல் துணியின் நிறமே நிற்கும். அவர் அதைத்தான் செய்தார். நாற்காலியில் படுத்தபடி அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வளைவைச் செய்வார், பின்னால் தள்ளி நின்று பார்ப்பார், எடுத்துவிட்டு மறுபடி செய்வார். நல்ல கைவேலை எதுவாக இருந்தாலும் என்னால் அடையாளம் காண முடியும்.

நடுச்சந்தை முழுதாக மூடவா என்று கேட்டார். நான் யோசித்தேன். முழுதாக மூடினால் இரண்டு முன்பல்லும் அகலமாகத் தெரியும் என்று அவரே சொன்னார். ஒரு மயிரிழை விட்டுவிடுங்கள் என்றேன். அது என் முகம். அதுவும் போய்விட்டால் படத்தில் வேறு யாரோ நிற்பது போல இருக்கும். அவருக்கு அது பிடித்திருந்தது. பல் நுனியையும் சின்னப் பெண்ணுக்கு வைப்பது மாதிரி வளைவாக வைக்காமல், என் மற்ற பல்லெல்லாம் தேய்ந்திருக்கிற அளவுக்குச் சமமாக வைத்தார். கடைசியில் சின்னச் சின்ன வட்டத் தகடுகளால், சொரசொரப்பானதில் தொடங்கி மிருதுவானது வரை மாற்றி மாற்றிப் பாலிஷ். நாக்கை வைத்துப் பார்த்தேன். எது என் பல், எது ஒட்டியது என்று நாக்குக்கே தெரியவில்லை.

கண்ணாடியைக் கையில் கொடுத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நர்ஸ் பெண் டிஷ்யூ நீட்டினாள். அப்பாவின் பள்ளம் போய்விட்டது என்று ஒரு நொடி நினைத்தேன். உடனே, அப்பாவும் போட்டோவில் வாயை மூடிக்கொண்டுதானே இருப்பார் என்ற நினைவும் வந்தது.

முதல் 2 நாள்தான் கஷ்டம். கறை பிடிக்கிற எதையும் 48 மணி நேரம் தொடக் கூடாது. காபி, டீ இல்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மஞ்சள்தூள் கூடாது என்றால் நம் சமையலில் என்ன மிச்சம் இருக்கிறது? சாம்பார் இல்லை, ரசம் இல்லை, கூட்டு இல்லை, மீன்குழம்பு இல்லை. இட்லிக்கும் தோசைக்கும் வெள்ளைத் தேங்காய்ச் சட்னி, மதியம் தயிர்சாதம், ராத்திரி இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் என்று ஓட்டினேன். பாண்டிங் செய்யப் போகிறவர்கள் முந்தின நாளே அரைத்த தேங்காய்க்கு வழி பார்த்துவிடுங்கள். வெற்றிலை போடுகிறவர்கள் இதைப் பற்றி டாக்டரிடம் முன்னாலேயே பேசிவிட வேண்டும். வெற்றிலைக் கறைக்கு முன்னால் எந்தப் பாலிஷும் நிற்காது.

பேச்சும் கொஞ்ச நாள் மாறியிருந்தது. "சரஸ்வதி" என்று வாடிக்கையாளரைக் கூப்பிட்டால் நடுவில் ஒரு விசில் வந்தது. சந்து வழியாகப் போய்ப் பழகிய காற்றுக்குப் புது வழி பழக வேண்டுமே. பேப்பரைச் சத்தம்போட்டு வாசியுங்கள் என்று டாக்டர் சொன்னபடி தினமும் காலையில் வாசித்தேன். ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. இதற்காகவே சொல்கிறேன், கல்யாணத்துக்கு 2 நாள் இருக்கும்போது போய்ச் செய்துகொள்ளாதீர்கள். தைக்கக் கொடுக்கும்போது ஒரு வாரம் முன்னால் வாங்கிப் போட்டுப் பாருங்கள் என்று சொல்வோமே, அப்படி இதற்கும் ஒரு மாதமாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு மாதத்தின் அருமை எனக்கு மார்கழி கடைசியில் தெரிந்தது. பொங்கல் தையல், கல்யாணத் தையல் எல்லாம் ஒன்றாகக் குவிந்திருந்த நேரம். ராத்திரி 9 மணி, வாடிக்கையாளர் வாசலில் நிற்கிறார், கொக்கி கட்டி முடித்து நூலை அறுக்க வேண்டும். 27 வருஷப் பழக்கம். பல் போய்விட்டது என்றே நினைத்தேன். துப்பிப் பார்த்தால் அரிசி நொய் அளவுக்கு ஒரு துண்டு. கண்ணாடியில் இடது பல் மறுபடி பழைய பல்லாகிக் கிடந்தது. அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை.

மறுநாள் காலையில் போன் செய்தேன். சாயங்காலமே வரச் சொன்னார். திட்டவில்லை. உடைந்த இடத்தை மட்டும் சொரசொரப்பாக்கி, அமிலம், பசை, ஒரு அடுக்கு, பாலிஷ். 20 நிமிஷத்தில் முடிந்தது. செராமிக்காக இருந்திருந்தால் முழுதாக எடுத்துவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டி வந்திருக்கலாம், காம்போசிட்டில் உடைந்த இடத்தில் மட்டும் சேர்த்துவிடலாம், இதுதான் இதன் நல்ல குணம் என்றார். இந்தத் தடவை காசு வேண்டாம், அடுத்த தடவை கட்டாயம் வாங்குவேன் என்றும் சொன்னார். வருகிற வழியில் 40 ரூபாய்க்கு ஒரு நூல் வெட்டும் கட்டர் வாங்கி, கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். இப்போதும் அது கழுத்தில்தான் இருக்கிறது.

செலவைச் சொல்லிவிடுகிறேன். பார்ப்பதற்கு 300, எக்ஸ்ரே 200, சுத்தம் செய்ய 1,000, பாண்டிங் ஒரு பல்லுக்கு 3,000 வீதம் 6,000. ஒரு வாரம் கழித்துப் பாலிஷுக்கு வரச் சொன்னபோது 500 கேட்டார்கள். மொத்தம் 8,000 ரூபாய். அந்த 500ஐ முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். பணம் பெரிதில்லை, சொல்லாததுதான் உறுத்தியது. டாக்டரிடமே சொன்னேன். அவர் நர்ஸைக் கூப்பிட்டு இனிமேல் எழுதியே கொடுக்கச் சொன்னார். செய்கிறார்களா என்று போகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு குறை காத்திருப்பு. 11 மணிக்கு வரச் சொன்னால் 12 ஆகிறது. பாலிஷுக்குப் போன அன்று 1 மணி 20 நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். தொழில் செய்கிறவளுக்கு அது இரண்டு ஜாக்கெட் வெட்டுகிற நேரம். ஒருவருக்கு வேலை செய்யும்போது அவசரப்படாத டாக்டர் என்றால் அடுத்தவர் காத்திருக்கத்தான் வேண்டும், எனக்குப் புரிகிறது. அதற்கேற்ற மாதிரி நேரத்தைத் தள்ளிக் கொடுக்கலாமே. படிக்கட்டும் செங்குத்தாக இருக்கிறது, கைப்பிடி ஒரு பக்கம்தான். மூட்டுவலிக்காரர்களும் வயதானவர்களும் துணையோடு போங்கள். மற்றபடி சுத்தத்தில் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு கருவியையும் என் கண்ணெதிரே உறையைப் பிரித்துத்தான் எடுத்தார்கள்.

இது எத்தனை நாள் வரும் என்பதையும் அவர் முதல் நாளே மறைக்காமல் சொல்லிவிட்டார். பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டால் 5 முதல் 7 வருஷம், சிலருக்கு அதற்கு மேலும் வரும். வருஷத்துக்கு ஒரு தடவை பாலிஷ். நகம் கடிக்கக் கூடாது, பாக்கெட்டைப் பல்லால் கிழிக்கக் கூடாது. கொய்யாக்காயை முன்பல்லால் கடிக்கக் கூடாது, நறுக்கிக் கடைவாயில் போட்டுக்கொள்ள வேண்டும். பாண்டிங்குக்கு அடுத்து வந்த பொங்கலுக்குக் கரும்பை நான் தொடவில்லை. வீட்டுக்காரர் கணுவை வெட்டி, தோல் சீவி, விரல் கனத்துக்குத் துண்டு போட்டுத் தட்டில் கொடுத்தார். கல்யாணமாகி வந்த காலத்தில்கூட அவர் அப்படிக் கொடுத்ததில்லை.

கல்யாணம் தை மூன்றாவது வாரத்தில் நடந்தது. நலங்கின்போது எனக்கு ஆரத்தித் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை. என் தம்பி பெண் மகளின் கன்னத்தில் சந்தனத்தைப் பூசுகிறேன் என்று மூக்கு முழுதும் அப்பிவிட்டாள். மண்டபமே சிரித்தது. எனக்கும் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கையில் தட்டு, வாயை மூட வழியில்லை. மூடத் தோன்றவும் இல்லை என்பது படத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தலை பின்னால் சாய்ந்து, பல்லெல்லாம் தெரிய, கண் இடுக்கிப்போய், ஆரத்தித் தண்ணீர் தளும்பிச் சேலையில் கொட்டியபடி இருக்கிற படம் அது. மகள் அதைத்தான் ஆல்பத்தில் ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருக்கிறாள். என் நாத்தனார் அதைக் கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். அந்த டாக்டர் எத்தனை மணிவரை இருப்பார் என்று என்னிடம் கேட்டார்.

பாண்டிங் செய்து இப்போது 9 மாதம் ஆகிறது. நாளைக்கு 4 டீ குடிக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு தண்ணீரால் கொப்பளிக்கிறேன். அப்படியும் ஒட்டிய இடமும் சொந்தப் பல்லும் சேருகிற கோட்டில் உற்றுப் பார்த்தால் லேசான பழுப்பு தெரிகிறது. அது பாலிஷில் போய்விடும் என்று போனில் சொன்னார். வேறு எந்தத் தொந்தரவும் இல்லை, ஒட்டிய பல்லில் கூச்சமும் இல்லை.

என் கடையில் தையல் பழக 3 பெண்கள் வருகிறார்கள். மூன்று பேருக்கும் ஆளுக்கொரு கட்டர் வாங்கிக் கயிறு கட்டிக் கொடுத்திருக்கிறேன். வரும் கார்த்திகையில் பாலிஷுக்குப் போக வேண்டும், நாத்தனாரும் கூட வருகிறார். அந்த இடம் தெரிந்து நீங்கள் போவதாக இருந்தால் செவ்வாய், புதன் காலையில் போங்கள். அன்றைக்குத்தான் கூட்டம் குறைவு, ஜன்னல் வெளிச்சமும் நன்றாக இருக்கும்.